கற்பூரம் அணைத்த கை

லைட்ஹவுஸ் குப்பத்தில் ஒரு பெண்ணுக்கு யார் உயிர்த்தோழி என்று தெரிய வேண்டுமானால் அவளிடம் போய்க் கேட்க வேண்டாம். விடிவதற்கு முன் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு முள்காட்டுப் பக்கம் அவள் யாரோடு போகிறாள் என்று பார்த்தால் போதும். ஒருத்தி உள்ளே போய் உட்காருவாள். மற்றவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாதையைப் பார்த்து நிற்பாள். ஆம்பளை எவனாவது வந்தால் இருமுவாள், பாம்பு என்றால் கத்துவாள். கட்டின புருஷனை நம்பாமல்கூடக் குடும்பம் நடத்திவிடலாம். நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காவல் நிற்பவளை நம்பாமல் ஒரு நாள்கூட உட்கார முடியாது.

அம்மணிக்கு முப்பத்தோரு வருஷமாகக் காவல் நின்றவள் கோவிந்தம்மா.

சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டுக்கெல்லாம் கக்கூஸ் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. அம்மணி வீட்டுக் கக்கூஸில் நண்டு வலை நான்கு மூட்டை, ஐஸ் பெட்டி இரண்டு, ஓடாத எஞ்சின் ஒன்று, இவ்வளவும் சுகமாகக் குடியிருந்தன. கதவுக்குப் பூட்டு வேறு. "வலைய வெளில போட்டா எலி கடிச்சிடும்மா" என்பான் மகன் தேவேந்திரன். அம்மாவை எது கடித்தாலும் பரவாயில்லை போலிருக்கிறது. அம்மணியும் ஒன்றும் சொன்னதில்லை. கருவாட்டுக் கூடையை ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அனுப்பம்பட்டு வரைக்கும் போய், வீடு வீடாக விற்றுவிட்டுச் சாயந்திரம் திரும்புகிறவரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். குடித்தால் போகணும், போக இடம் ஏது? வயது ஐம்பத்தாறு ஆகிவிட்டது, உடம்பு பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் குப்பத்தில் புதுப் படகு இறக்கினால் அணியத்தில், அதாவது படகின் மூக்கில், மஞ்சள் குழைத்து ஐந்து விரலும் பதிய ஒரு பெண் கை வைக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் வைத்துவிட முடியாது. புருஷன் உயிரோடு இருக்க வேண்டும். மாசாமாசம் வருவது நின்றும் போயிருக்க வேண்டும். கடல் ஊர் அது, கடல் எத்தனை பேர் தாலியை விட்டுவைத்திருக்கும்? இரண்டும் பொருந்தி வருகிறவர்கள் குப்பம் முழுக்கத் தேடினால் நாலைந்து பேர் தேறுவார்கள். அதில் ராசியான கை அம்மணியுடையது என்று ஏழு வருஷமாகப் பேர். அவள் கை வைத்த பதினாலு படகும் ஓடிக்கொண்டிருந்தன. அம்மணிக்கு உலகத்தில் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான். புருஷன் சிங்காரத்துக்குக் கண் மங்கிக் கடலுக்குப் போவது நின்றுவிட்டது. சொந்தப் படகு இல்லாமல் அடுத்தவன் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த தேவேந்திரன், ஒரு ஃபைபர் படகுக்குச் சொல்லிவைத்திருந்தான். ஆவணியில் வந்துவிடும். ஊர்ப் படகுக்கெல்லாம் வைத்த கையால் பெற்ற மகன் படகுக்கு வைக்கப்போகிறோம் என்பதை நினைத்து நினைத்து, கருவாடு புரட்டும்போதெல்லாம் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

வைகாசியில் ஒரு நாள் உள்பாவாடையில் சொட்டுச் சொட்டாக ரத்தம் இருந்தது. மறுநாளும் இருந்தது. ஒன்றுக்குப் போனால் மிளகாய் பட்டதுபோல் எரிந்தது. கழுவும்போது அங்கே என்னவோ சின்னதாக நெருடியது. நின்றுபோய் ஏழு வருஷமானது திரும்ப வருமா? அம்மணி பயந்துபோனாள். சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்? மறுநாள் முள்காட்டில் கோவிந்தம்மாவிடம்தான் சொன்னாள்.

"இன்னாக்கா சொல்ற, மெய்யாலுமா?" என்றாள் கோவிந்தம்மா. அம்மணியைவிட நாலு வயது சின்னவள்.

"ஆமாண்டி. துணில பட்டுது. ஆனில உன் புள்ள படகு எறக்குறீங்களே, அதுக்கு நான் கை வெக்க வாணாம். நீயே வெச்சுடு. உனுக்கும்தான் நின்னுபோச்சே."

"அய்ய, நானா? உன் கை ராசி எனுக்கு வருமா? உடம்பு சூடுக்கா, வேற ஒண்ணியும் இல்ல. அனுப்பம்பட்டு வெயில்ல சுத்துற, தண்ணியும் குடிக்க மாட்டேன்ற. மோர் குடி, சரியாப்பூடும். நீதான் வெக்கணும். வாயத் தொறக்காத, நானும் யாராண்டயும் சொல்ல மாட்டேன்."

கோவிந்தம்மா இப்படிச் சொன்னாள். நன்றாக நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனியில் கோவிந்தம்மா மகன் உதயகுமாரின் படகு இறங்கியது. அம்மணி தயங்கித் தயங்கித்தான் போனாள். கோவிந்தம்மாவே மஞ்சள் கிண்ணத்தை நீட்டி, "வெய்யிக்கா" என்றாள். அம்மணி வைத்தாள்.

ஆடியில் அந்தப் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. ஏரியும் கடலும் சேருகிற வாய் அது. மணல் திட்டு இன்றைக்கு ஓர் இடத்தில் இருந்தால் நாளைக்கு வேறோர் இடத்தில் இருக்கும். தண்ணீர் வற்றும் நேரத்தில் அந்த வழியாகப் படகை விடக் கூடாது என்று மூன்று வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். உதயகுமாருக்கும் தெரியும், ஆனால் அன்றைக்கு அவன் குடித்திருந்தான். கூடப் போன ஜோயல் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் விட்டான். படகு திட்டில் ஏறிப் பிளந்தது, வலை போயிற்று, ஜோயலுக்குத் தோள் எலும்பு முறிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்குக் கூடம் கோணல் என்று சொல்லவும் அவன் அம்மா முன்வந்தாள்.

கங்கையம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. உதயகுமாரை ஒரு வருஷம் கடலுக்கு விடாமல் நிறுத்துவதா என்பதுதான் பேச்சு. ஜோயலின் ஆட்கள் விடுவதாக இல்லை. நாட்டாமை கன்னியப்பன், "இன்னாடா சொல்ற?" என்று உதயகுமாரைக் கேட்டார். அவன் தலையைக் குனிந்தான். அப்போது பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து கோவிந்தம்மா முன்னால் வந்தாள்.

"என் புள்ள மேல தப்பு இல்லண்ணா. படகுல தீட்டுக் கை பட்டுச்சி. அம்மணி அக்காவுக்கு இன்னும் நிக்கல. துணில பாத்தவ நான். அத்த மறைச்சிட்டு வந்து கை வெச்சிட்டா."

அறுபது ஆம்பளைகள் அம்மணியைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கை வைத்த படகுக்காரர்கள் பதினாலு பேரும் அதில் இருந்தார்கள். சிங்காரம் கீழே மணலைப் பார்த்தார்.

"ஏண்டி, உனுக்குத் தெரியாதா? உன்னாண்ட சொல்லலியா நான்? வாணாம்னு சொன்னேனேடி" என்றாள் அம்மணி.

"படகு எறக்குறதுக்கு முன்னால எனுக்குத் தெரியாது. அதுக்கு அப்பறம்தான் பாத்தேன்."

"சத்தியம் பண்ணுவியா?" என்றார் கன்னியப்பன்.

தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். அம்மணி நினைத்தாள், இங்கே நின்றுவிடுவாள் என்று. என்னதான் மகன் என்றாலும் அம்மன் சந்நிதியில் எரிகிற கற்பூரத்தைப் பொய்யாக அணைக்க ஒரு கை துணியுமா? துணிந்தது. கோவிந்தம்மா வலது கையை நீட்டி, நெருப்பைப் பொத்தி அணைத்தாள். சின்ன வயதில் நண்டு கடித்து வளைந்துபோன சுண்டுவிரல் அந்தக் கையில். அணைத்த பிறகு அவள் அம்மணி பக்கம் பார்க்கவேயில்லை.

உதயகுமார் மேல் குற்றம் இல்லை, அம்மணி இனி எந்தப் படகிலும் கை வைக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு இன்னும் எதற்கு வருகிறது, யாரால் வந்தது என்றுகூடக் குழாயடியில் பேசிச் சிரித்தார்கள். அவள் வாடிக்கையாகக் காயவைக்கும் மணல் திட்டில் பக்கத்து இடத்துக்காரி தன் நெத்திலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். முள்காட்டுக்கு அம்மணி தனியாகப் போனாள். உட்கார்ந்தால் முதுகு கூசியது. ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து நின்றாள். மாட்டின் மணிச் சத்தத்துக்குக்கூட எழுந்தாள்.

ஆவணி வந்தது, தேவேந்திரனின் படகும் வந்தது. வெள்ளிக்கிழமை இறக்குவது என்று பேச்சு. செவ்வாய்க்கிழமை அவன் அம்மாவுக்கு முன்னால் வந்து குந்தினான்.

"யம்மா, நீ தப்பா எடுத்துக்காத. வெள்ளிக்கெழம நீ கரைக்கு வராத. ஊரு பேசுது."

"நீயுமாடா?"

"நான் நம்புல, ஆனா ஏறுறவன் நாலு பேரு நம்புறான். இன்னா பண்ணச் சொல்ற?"

மருமகள் சுபஸ்ரீ இதையெல்லாம் கேட்டுக்கொண்டு உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். வேலூர்ப் பக்கத்துப் பெண், பன்னிரண்டாவது வரைக்கும் படித்தவள், கடல் நியாயம் எதுவும் அவள் மண்டையில் ஏறுவதில்லை. கஞ்சித் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"மூணு மாசமா ரத்தம் வருதுன்னு சொல்றாங்க. எல்லாரும் படகுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறீங்க. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு யாராச்சும் கேட்டீங்களா? அத்தே, நாளைக்குப் பொன்னேரி போறோம்."

பெரியாஸ்பத்திரியில் அன்று உட்கார்ந்திருந்தது நிவேதா என்ற பெண் டாக்டர். அம்மணி மேசையில் ஏறிப் படுத்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் விளக்கைத் திருப்பிப் பார்த்து, ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, "அட, இதுதானா?" என்றாள். பிறகு மேசை மேலிருந்த சின்னக் கண்ணாடியை எடுத்து அம்மணி கையில் கொடுத்தாள்.

"நீங்களே பாருங்கம்மா."

இரண்டு பிள்ளை பெற்றவள், அங்கே என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தாள். சிவப்பாக, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதைத் துணுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. கருவி வைத்து உள்ளேயும் பார்த்து, வயிற்றில் ஸ்கேன் வைத்தும் பார்த்த பிறகுதான் டாக்டர் விளக்கினாள்.

"இது நீங்க நினைக்கிறது இல்லம்மா. மாசாமாசம் வர்ற வழி வேற, ஒண்ணுக்குப் போற வழி வேற. இது ஒண்ணுக்குப் போற வாய்ல முளைச்சிருக்கிற சதை. பாலிப்னு சொல்லுவோம். துணி உரசினா, ஒண்ணுக்குப் போனா, ரத்தம் கசியும். மேல இருந்து ரத்தம் வரல, கர்ப்பப்பையும் பாத்துட்டேன், சுத்தமா இருக்கு."

"ரெண்டு வழியாம்மா?" என்றாள் அம்மணி. "எனுக்கு ஒரு வழின்னுதான் நெனப்பு."

"நிறையப் பேருக்கு அப்படித்தான் நினைப்பு. இன்னொண்ணு சொல்றேன். தூரம் நின்னுபோனா அந்த இடம் வறண்டு மெலிஞ்சு போகும். இந்த மாதிரி வர்றதை நாங்க பாக்கிறது பெரும்பாலும் நின்னுபோனவங்ககிட்டதான்."

அம்மணி கண்ணாடியை வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். நிற்கவில்லை என்றுதானே ஊர் தீர்ப்புச் சொன்னது? நின்றுவிட்டதால் அல்லவா இது வந்திருக்கிறது. சிரிப்பு வந்தது, சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவள் அழுது முடிக்கிறவரை டாக்டர் காத்திருந்தாள். அதன்பிறகு சொன்னாள்: இங்கேயே சேர்ந்துகொள்ளுங்கள், நாளைக்கு மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம், ஒரு நாள் மூத்திரத்துக்குக் குழாய் வைக்க வேண்டியிருக்கும், சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம், எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினால் கெட்டதா இல்லையா என்று தெரிந்துவிடும், முடிவு வரப் பத்து நாளாகும். "ரத்தம் வந்தா இனிமே மூணு மாசம் உக்காந்திருக்காதீங்க. தண்ணி குடிங்க. ஒண்ணுக்கை அடக்காதீங்க" என்றும் சொன்னாள். அடக்காதே என்று சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

அன்று சாயந்திரமே அம்மணி சுபஸ்ரீயின் போனில் மகனைக் கூப்பிட்டாள்.

"கேட்டியாடா, அது இல்லியாம். வேற வழியாம். டாக்டரம்மா சொல்ட்டாங்க. வெள்ளிக்கெழம வாணாம்டா, தள்ளிப் போடு. நான் வந்துடறேன், காகிதத்தோட வந்துடறேன்."

"சரிம்மா" என்றான் தேவேந்திரன். "நீ ஒடம்பப் பாத்துக்க. நீ வராம எறக்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை முழுக்கக் குழாயோடு கட்டிலில் படுத்துக்கொண்டு, அடுத்த நல்ல நாள் எது என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் காலண்டர் பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். வலியைக்கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சுபஸ்ரீயின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கியவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. "படகப் பாத்துட்டுப் போலாம்" என்றாள். படகு கரையில் நின்றது. அடிப்பக்கம் ஈரமாக இருந்தது, மீன் செதில் ஒட்டியிருந்தது. இறங்கி, கடலுக்குப் போய், திரும்பியும் வந்துவிட்ட படகு. அணியத்தில் மஞ்சள் கை பதிந்திருந்தது. நாலு விரல் நேராக இருந்தன. சுண்டுவிரல் வளைந்திருந்தது.

கற்பூரத்தைப் பொத்திய கை அது. அம்மணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோவிந்தம்மா செய்தது அவளைக் குத்தியது, இது அறுத்தது. அவள் பெற்ற மகன் சுகமாகப் போன் பேசிவிட்டு, அவளை ஊர் முன்னால் நிற்கவைத்தவள் வீட்டு வாசலில் போய் மஞ்சள் கிண்ணத்தை நீட்டியிருக்கிறான்.

"நாலு பேரும் வந்து நின்னுட்டானுங்கம்மா, நல்ல நாள உட்டா பதினஞ்சு நாள் போவும்னானுங்க. கன்னியப்பன் மாமாதான் கோவிந்தம்மா அத்தயக் கூப்புடுன்னாரு. நான் இன்னா பண்ணுவேன்?" என்றான் தேவேந்திரன். சுபஸ்ரீ அவனோடு மூன்று நாள் பேசவில்லை. அம்மணி அவளிடம்கூட அதைப் பற்றிப் பேசவில்லை.

பத்து நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. கெட்டது ஒன்றும் இல்லை. அம்மணி ஆஸ்பத்திரிக் காகிதம் இரண்டையும் எடுத்துக்கொண்டு சுபஸ்ரீயோடு கோயில் முன்னால் போனாள். கன்னியப்பனும் பத்துப் பதினைந்து ஆம்பளைகளும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். சுபஸ்ரீ வெட்கப்படாமல், ஒரு வார்த்தையை விழுங்காமல், எல்லாவற்றையும் தமிழில் படித்தாள். ஒண்ணுக்குப் போகிற வழி என்று வந்த இடத்தில் ஆம்பளைகள் கையிலிருந்த சீட்டை உற்றுப் பார்த்தார்கள். ஜோயல் மட்டும் கட்டுப் போட்ட தோளோடு நிமிர்ந்து அம்மணியைப் பார்த்தான்.

"நான் அன்னிக்கே சொன்னேனே, அவன் குடிச்சிருந்தான்னு" என்றான்.

கன்னியப்பன் சீட்டைக் கவிழ்த்து வைத்தார். "சரி, போனது போவட்டும். அம்மணி மேல கொற இல்லன்னு ஆயிடுச்சி. இனிமே கை வெக்கலாம்."

அவ்வளவுதான். பொய்ச் சத்தியம் செய்தவளைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் தேவேந்திரன் பின்னாலேயே ஓடிவந்தான்.

"யம்மா, அந்தக் கைய உப்புத் தண்ணி போட்டுத் தேய்ச்சிக் கழுவிடறேன். நீ வந்து உன் கைய வெய்யி. இப்பவே வா."

நாற்பது நாளாக அவள் ஏங்கிய பேச்சு இது. வந்தபோது வேண்டியிருக்கவில்லை.

"வாணாம்பா. அந்தக் கை இருக்கட்டும். நீ தேடிப் போய்க் கூட்டாந்த கை, அதான் உனுக்குக் காவல். எனுக்கு நீ ஒண்ணு பண்ணு."

"இன்னாம்மா, சொல்லு."

"கக்கூஸ்ல கீற வலைய எடுத்து வெளில போடு. ஐஸ் பொட்டியும் எடு. எலி கடிச்சாக் கடிக்கட்டும்."

அன்று பொழுது சாய்வதற்குள் அவன் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டான். ஒரு வார்த்தை பேசாத சிங்காரம் மங்கிய கண்ணோடு தடவித் தடவி உள்ளே கழுவிவிட்டார். சுபஸ்ரீ உள்தாழ்ப்பாள் ஒன்று வாங்கி வந்து அடித்தாள்.

மறுநாள் விடியுமுன் அம்மணி உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக எந்தச் சத்தத்துக்கும் காது கொடுக்காமல் உட்கார்ந்தாள். எரிச்சல் இல்லை. அப்போது வாசல் பக்கம் சொம்பு கல்லில் படும் சத்தம் கேட்டது.

"அக்கா" என்றாள் கோவிந்தம்மா. "அக்கா, புள்ளைய ஒரு வருசம் கடலுக்கு உடாம நிறுத்திடுவானுங்கன்னுதான்... நீயும் புள்ள பெத்தவதானே. கோவம்னா ரெண்டு அடி அடிச்சிடு. கெளம்புக்கா, போலாம்."

குரல் கதவுக்கு இன்னும் கிட்டே வந்தது.

"நீ இல்லாம நாப்பது நாளா நான் பட்ற பேஜார் எனுக்குத்தான் தெரியும். ஒருத்தியும் என்கூட வர மாட்டேன்றா. கூட நின்னவளயே ஊர் முன்னால காட்டிக் குடுத்தவ, நாளைக்கி எங்களப் பத்தியும் சொல்லுவன்றாளுங்க. எனுக்கு யாருக்கா நிப்பா?"

உள்ளே அம்மணி சொம்பை எடுத்தாள். முப்பத்தோரு வருஷம் லேசில் போய்விடுமா? ஒரு நிமிஷம் தாழ்ப்பாள் மேல் கண் போனது. பிறகு மஞ்சளில் பதிந்த அந்த வளைந்த சுண்டுவிரல் ஞாபகம் வந்தது.

"அம்மன் முன்னால கற்பூரத்த அணைச்சியே, அவளக் கூப்டு. வந்து நிப்பா" என்றாள்.

அம்மணி தண்ணீரை ஊற்றிக் கழுவிக்கொண்டாள்.